கைந்நாட்டுக்கு மட்டுமா பெற்றோர்?

தமிழ்ப் பெற்றோரே! ஆசிரியத் தோழரே!

தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குள் நாள்தோறும் நடப்பது என்ன என்பதை முதற்கண் அறிய உரிமையுடையவர் யாவர்? கல்வி அமைச்சரா? வட்டாரக் கல்வி அலுவலரா? தலைநகரில் கணிப்பொறி முன் அமர்ந்து எண்களைக் கூட்டிக் கழிப்பவரா? அல்லர். ஐந்தகவைப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவந்து, பள்ளி வாயிலில் விட்டு, அதன் தலை மறையும்வரை நின்று பார்த்து, பின்னர்க் கூலிக்கு விரைகின்றாளே, அந்தத் தாய். அவளொடு தோள்கொடுத்து உழைக்கின்றானே, அந்தத் தந்தை. இவ்விருவர்க்கும் பிற்பட்டதே மற்றெல்லார் உரிமையும்.

ஆயின் நடப்பதென்ன? அவர்பால் கேட்கப்படுவது கட்டணம். கட்டணம் இல்லாத இடத்துக் கையொப்பம். கையொப்பம் இடத் தெரியாவிடின் கைந்நாட்டு. தம் பிள்ளை என்ன கற்றது, என்ன கற்கவில்லை, ஏன் கற்கவில்லை, அதன்பொருட்டு ஆசிரியர் செய்தது யாது, வீட்டார் செய்யத்தக்கது யாது என்னும் ஐந்து வினாக்களுக்கு விடை அவர்க்குக் கிடைப்பதில்லை. கிடைக்கும் சிறிதும் விளங்காத மொழியில் கிடைக்கின்றது. விளங்காத மொழியில் சொல்வது சொல்லாமையினும் தீது. சொல்லாதவன் கடமையில் தவறியவன். விளங்காமற் சொல்பவனோ, தவறிவிட்டுக் கடமையைச் செய்ததாகக் கணக்கும் காட்டுபவன். இவ்விரண்டையும் எதிர்த்தே இதனை எழுதுகின்றோம்.

சட்டம் உண்டு, செயல் எங்கே?

இஃது ஏதோ ஆசிரியர் விரும்பினால் செய்யத்தக்க அருட்கொடை என்று எண்ணற்க. 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 24-ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகின்றது. குறித்த நேரத்தில் பள்ளிக்கு வருதல், பாடத்தை முழுமையாக நடத்துதல் ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து அது கூறும் மற்றொரு கடமை: பெற்றோரையும் காப்பாளரையும் ஒழுங்காகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம், பிற வேண்டிய செய்திகள் ஆகியவற்றை அவர்க்கு அறிவித்தல். பாடம் நடத்தாத ஆசிரியரைக் குற்றவாளி என்கின்றோம். பெற்றோர்க்கு அறிவிக்காத ஆசிரியரை எவரும் ஒரு சொல்லும் கேட்பதில்லை. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே நிரலில் நிற்பவை என்பதை ஓர்க.

அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்தது. அக்குழுவினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டும். சரிபாதியர் பெண்டிராதல் வேண்டும். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுமையும் இக்குழுக்கள் புதுக்கப்பட்டபோது, தலைமைப் பொறுப்பு ஒரு தாய்க்கே என்று வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு, மறுப்பாரில்லை. ஆனால் எத்தனை ஊர்களில் அத் தலைவி நாற்காலியில் அமர்ந்து கேள்வி கேட்கின்றாள்? எத்தனை ஊர்களில் எழுதிமுடித்த குறிப்பேட்டில் ஒப்பமிடமட்டும் வாயிலருகே அழைக்கப்படுகின்றாள்? படித்துக் காட்டாமல் ஒப்பம் பெறுவது, கந்துக்காரன் வெற்றுத்தாளில் ஒப்பம் பெறுவதினும் எவ்வகையில் உயர்ந்தது?

வேறொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைப்பதில்லை. இம்முறையை யாம் வரவேற்கின்றோம். ஏழு அகவைப் பிள்ளையின் நெற்றியில் ‘தோற்றவன்’ என்று எழுதுவது கல்வியன்று, வன்செயல். ஆயினும் அன்று அந்தத் தோல்வி என்னும் சொல் ஒரு கொடிய வேலையோடு வேறொரு வேலையையும் செய்துவந்தது. பிள்ளை கற்கவில்லை என்பதைப் பெற்றோர்க்கு அறிவிக்கும் ஒரே மணியாக அஃது இருந்தது. அந்த மணியை நீக்கினோம், நன்று. அதற்கு மாற்றாக வேறு மணி எதனைக் கட்டினோம்? ஆண்டுதோறும் வகுப்பு ஏறுகின்றது. ஆகவே படிப்பும் ஏறுகின்றது என்று பெற்றோர் நம்புகின்றனர். எட்டாம் வகுப்பைக் கடந்தபின், ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கத் தம் மகனுக்கு வரவில்லை என்று ஒருநாள் அறிந்து திடுக்கிடுகின்றனர். எட்டாண்டு மறைத்த செய்தி ஒரே நாளில் இடியாக இறங்குகின்றது. இக்குற்றம் பெற்றோருடையதா? பிள்ளையுடையதா?

திண்ணையிலிருந்து இரும்புக் கதவுக்கு

முன்னாளில் வகுப்பறைக்குக் கதவில்லை. திண்ணையே பள்ளி. மணலில் விரல் ஊன்றி எழுதிய பிள்ளையைத் தெருவில் செல்வோர் யாவரும் கண்டனர். சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றையோர் உரக்கச் சொன்ன வாய்பாடு அடுத்த தெருவிற்கும் கேட்டது. ஒன்பான் இரவு விழா (நவராத்திரி) நாள்களில் ஆசிரியர் தம் மாணாக்கரை அழைத்துக்கொண்டு வீடுதோறும் சென்று, பாடியும் கோலாட்டம் ஆடியும் காட்டிப் பரிசில் பெற்ற வழக்கமும் இருந்தது. கற்றது யாது என்பதை ஊரே அறிந்தது. 1822-ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826-இல் அவர் தொகுத்துக் கூறிய கணக்குப்படி மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. அவற்றில் கற்றோர் 1,88,650 பேர். அரசு நடத்திய பள்ளிகள் அல்ல இவை. பெரும்பாலும் பெற்றோர் கொடுத்த கூலியில் நடந்தவை. கூலி கொடுத்தவன் பயன் கேட்டான். பயன் கண்முன் நின்றது.

அந்நாளைப் பொற்காலம் என்று பாடவரவில்லை. பிரம்படியும் கோதண்டமும் அத்திண்ணையில் இருந்தன. பெண்மக்களும் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளும் பெரும்பாலும் அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். அக்கொடுமைகளை ஒழித்து எல்லார்க்கும் கதவு திறந்ததே பொதுப்பள்ளியின் பெருமை. பிள்ளைக்குத் திறந்த அக்கதவு பெற்றோர்க்குமட்டும் மூடிக்கொண்டதே, அதுவே நம் வழக்கு.

அப்பொதுப்பள்ளியைக் கட்டியெழுப்பியவரும் இப்பெற்றோரே என்பதை மறத்தல் தகுமா? 1958-ஆம் ஆண்டு முதல், காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலம் தந்தனர், கூரை வேய்ந்தனர், பலகையும் கரும்பலகையும் வாங்கித் தந்தனர். நண்பகல் உணவுக்கு நெல்லளந்தனர். கொடுக்கும்போது அவர் ‘ஊர்ப் பெருமக்கள்’. கேட்கும்போது மட்டும் ‘படியாத கூட்டம்’ ஆகிவிடுவரா?

இத்தாலி நாட்டில் ஓர் ஊர் உண்டு. ரெச்சியோ எமிலியா என்பது அதன் பெயர். 1945-இல் இரண்டாம் உலகப்போர் முடிந்தவுடன், அதனை அடுத்த ஒரு சிற்றூரின் உழைப்பாளர், செருமானியப் படை விட்டுச்சென்ற பீரங்கி வண்டியையும் சுமையுந்துகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் தம் குழந்தைகளுக்குத் தாமே பள்ளி கட்டத் தொடங்கினர். அப்பள்ளிகளில் வேரூன்றிய ஒரு வழக்கம் இன்று உலகெங்கும் பேசப்படுகின்றது. குழந்தை பேசியதையும் வரைந்ததையும் செய்ததையும் ஆசிரியர் குறித்துவைத்துச் சுவரில் ஏற்றிவிடுவர். பெற்றோர் வந்து நின்று படிப்பர். கட்டினவர்க்குக் கணக்குக் காட்டும் பண்பு அது. கூரை வேய்ந்த நம்மவர்க்கு நாம் காட்டிய கணக்கு எது?

அறியாமையின் விலை சிறிதன்று. 2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள் குடந்தைப் பள்ளியொன்றின் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளை விழுங்கிற்று. அக்கூரையும் அச்சமையலிடமும் அப்படிக்கட்டும் எந்நிலையில் இருந்தன என்பதை நேரில் பார்த்துக் கேள்வி கேட்கும் உரிமை தமக்குண்டு என்று அப்பெற்றோர்க்கு அதன்முன் எவரேனும் சொல்லியிருப்பரா? வாயிற் கதவுக்கு அப்பால் நடப்பது பெற்றோர்க்கு உரியதன்று என்னும் எண்ணத்தை இந்நாட்டில் வளர்த்துவிட்டோர் யாவரும் நெஞ்சில் கைவைத்து எண்ணிப்பார்க்க வேண்டிய வினா இது.

விளங்காத மொழியில் வரும் ஓலை

இனி மொழிக்கு வருவோம். 1956-ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாடு இது. அந்நாட்டில், தெருவுக்குத் தெரு முளைத்த ஆங்கிலவழிப் பள்ளிகள், தமிழன்றிப் பிறிதறியாத் தாய்க்கு ஆங்கிலத்தில் ஓலை விடுக்கின்றன. நாட்குறிப்பேடு ஆங்கிலம்; தேர்ச்சி அட்டை ஆங்கிலம்; ‘வாட்சப்’ என்னும் புலனக் குழுவில் வந்து விழும் அறிவிப்பு ஆங்கிலம். கட்டணத்தின் இலக்கம் ஒன்றே எல்லார்க்கும் விளங்கும் எழுத்து.

வண்டியூரை அடுத்த மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு விடியுமுன் சென்று மல்லிகை வாங்கிவந்து தொடுத்து விற்கும் ஒரு தாய், தன் மகளின் நாட்குறிப்பேட்டை ஒருநாள் எம்மிடம் கொணர்ந்தாள். கட்டணம் எவ்வளவு நிலுவை என்று படித்துச் சொல்லக் கேட்டாள். அதில் கட்டணமே இல்லை. பெண் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் தொடர்ந்து பிழை செய்கின்றாள், கண் மருத்துவரிடம் காட்டுக என்று மும்முறை எழுதியிருந்தது. மும்முறையும் அவள் அதன்கீழ் ஒப்பமிட்டிருந்தாள். பார்வை மங்கிய பெண் அதுவரை பெற்றது வசவும் குட்டும். எழுதிய ஆசிரியை நல்லவர், கடமையுணர்ந்தவர். ஆனால் எவர்க்காக எழுதினார்? கற்றோர் யாவரும் நாணத்தக்க வினா இது.

அக்கட்டாயக் கல்விச் சட்டமே உதவிபெறாத் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்தோர் பிள்ளைகளுக்கு ஒதுக்கிற்று. ஏழையின் பிள்ளை உள்ளே சென்றது. ஏழையின் மொழி உள்ளே செல்லவில்லை. மேலும், பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கும் கட்டாயமும் அப்பள்ளிகளுக்கு இல்லை. ஆக, கேட்பதற்கு அவையுமில்லை, படிப்பதற்கு மொழியுமில்லை. ஆங்கிலம் கற்பிப்பதும் பெற்றோரிடம் ஆங்கிலத்தில் பேசுவதும் வேறு வேறு. பாடமொழி எதுவாயினும் ஆகுக. பெற்றோர்க்குச் செல்லும் சொல் பெற்றோர் மொழியில் செல்லுதல் வேண்டும். மதுரையில் சௌராட்டிரம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் உருது பேசுவோரும் உளர்; தமிழ் எழுத்தறியாதார் அவருள் இருப்பின் அவர்க்கு விளங்கும் மொழியில் வாயால் சொல்லுக. தாய்மொழி உரிமையை நமக்குக் கேட்டுப் பிறர்க்கு மறுப்பவர் அல்லேம்.

மேலே பறக்கும் செய்தி

அரசுப் பள்ளிகளில் தமிழுக்குக் குறைவில்லை. ஆனால் செய்தி செல்லும் திசை பிழை. ‘எமிசு’ என்னும் கல்விச் செய்தித் தளத்தில் ஆசிரியர் நாள்தோறும் பதிகின்றார்: வருகை, உயரம், எடை, தேர்வு, நலத்திட்டப் பொருள் என்று முடிவில்லாத பதிவு. பிள்ளையைப் பற்றி அரசுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அன்னைக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் நம் மதுரையிலேதான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. பசித்த வயிற்றோடு பாடம் இல்லை என்றறிந்த நல்ல திட்டம். அன்று முதல் பிள்ளை உண்டதை ஊரறியும். அது கற்றதைத் தாயறியாள்.

அவ்வாண்டே ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தமையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வந்தது அது. பிள்ளைகளை அவரவர் கற்ற நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துக் கற்பிக்க வகுத்தது. எத்துணை அழகிய தமிழ்ப் பெயர்கள்! மூன்றாம் வகுப்பில் அமர்ந்துள்ள தன் மகன் இன்னும் ‘அரும்பு’ நிலையில் நிற்கின்றான் என்பதை எத்தனை தாய்மார்க்கு எடுத்துரைத்தோம்? இழிவுபடுத்தும் செய்தியன்று அது. உடனே கைகொடுக்கச் சொல்லும் செய்தி. அதனை மறைப்பது இரக்கமன்று, கைவிடுதல்.

மறுப்புரைப்பார்க்கு மறுமொழி

“படியாத பெற்றோர்க்கு இதெல்லாம் விளங்குமா?” என்பர் சிலர். ஒரு முழம் இன்ன விலை என்றால் ஏழரை முழத்துக்கு எவ்வளவு என்று நொடியில் கணக்கிட்டுச் சொல்கின்றாள் பூக்காரி. “உன் மகளுக்குக் கடன்வாங்கிக் கழித்தல் வரவில்லை” என்றால் அவளுக்கா விளங்காது? விளங்காதது அவள் அறிவுக்கன்று. நம் நாவுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை.

“கூட்டம் போட்டால் எவரும் வருவதில்லை” என்பர் வேறு சிலர். வேலை நாளில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கொத்தனாரும் சித்தாளும் எங்ஙனம் வருவர்? ஒருநாட் கூலியை இழந்து வந்து, தலைமையாசிரியரின் அறிவுரையைக் கேட்டுத் திரும்புவதா? அழகர் வண்டியூருக்கு எழுந்தருளும் இரவை இவ்வூரில் அறியாதார் எவருமில்லை. பள்ளிக்கூட்ட நாளை அறிந்தார் எத்தனை பேர்? ஊர் கூடும் நேரத்தில் கூட்டினால் ஊர் வரும்.

“பெற்றோரே ஆங்கிலத்தைத்தானே விரும்புகின்றனர்” என்பர் பள்ளி முதலாளியர். விரும்புவது பிள்ளை ஆங்கிலம் கற்பதை. தாம் இருளில் நிற்பதையன்று. விளங்காத தாளைக் கையிற் கொடுத்தால் ‘பெரிய பள்ளி’ என்று மருள்வர் என்னும் வணிகச் சூழ்ச்சியே இதன் வேர். விளங்கினால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் கட்டணத்துக்கேற்ற கல்வி எங்கே என்னும் வழக்கும் பிறக்கும். அவ்வச்சமே அவர்தம் ஆங்கிலப் பற்று.

“எமக்கு நேரமில்லை” என்று எம் ஆசிரியத் தோழர் கூறுவதில்மட்டும் உண்மையுண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளிகளில் பதிவேலையும் அவர் தலையில், பாடமும் அவர் தலையில். ஆகலின் அரசை நோக்கிக் கேட்கின்றோம்: மேலே அனுப்பும் பதிவுகளைப் பாதியாகக் குறை, அந்நேரத்தைப் பெற்றோர்க்குக் கொடு. நேரம் கேட்டுப் போராடுக; கடமையைக் கைவிட அதனையே காட்டற்க.

வேண்டுவன இவை

பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்தில் நூலுக்கு இலக்கணம் சொன்னார்; ஆசிரியர்க்குச் சொன்னார்; கற்பிக்கும் முறைக்கும், மாணாக்கர்க்கும், பாடம் கேட்கும் முறைக்கும் சொன்னார். பெற்றோர்க்குச் சொல்லவில்லை. அந்நாளில் தேவையில்லை. இன்று ஆறாவதாக அவ்விலக்கணத்தை நாமே வகுத்தாக வேண்டும்.

ஒன்று: பள்ளி விடுக்கும் ஒவ்வொரு தாளும் தமிழில் அமைதல் வேண்டும். தனியார் பள்ளிகளுக்கும் இதனைக் கட்டாயமாக்கி அரசு ஆணையிடுதல் வேண்டும்.

இரண்டு: மதிப்பெண்ணை எழுதி நிறுத்தாது, நிலையை எழுதுதல் வேண்டும். ‘தமிழ் 42’ என்றால் என்ன பொருள்? “இரண்டெழுத்துச் சொற்களைத் தயங்காது படிக்கின்றான், ல, ள, ழ மயங்குகின்றான், இரவில் பத்து மணித்துளி உரக்கப் படிக்கச் செய்து கேளுங்கள்” என்று எழுதினால் அது செய்தி.

மூன்று: திங்களுக்கு ஒருமுறை மாலையிலோ ஞாயிறன்றோ பெற்றோரைக் கூட்டுதல் வேண்டும். வரவியலாதார் தெருவுக்கு ஆசிரியர் செல்லுதல் வேண்டும். செலவும் நேரமும் அரசு தருதல் வேண்டும்.

நான்கு: ஏடுகளைப் பள்ளி நிலைப்பேழையில் பூட்டாது, கிழமைதோறும் வீட்டுக்கு அனுப்புதல் வேண்டும். எழுத்தறியாத் தாயும் கோணல் எழுத்து நேராவதைக் காண்பாள்.

ஐந்து: ஒரு பிள்ளையின் குறையை அதன் பெற்றோர் காதில் மட்டுமே சொல்லுதல் வேண்டும். நூறு பேர் பார்க்கும் புலனக் குழுவில் மதிப்பெண்களை இறைப்பது அறிவித்தலன்று. தெருவில் நிறுத்தி வைதல்.

ஆறு: மேலாண்மைக் குழுவின் குறிப்பேட்டை உரக்கப் படித்துக் காட்டாமல் எவரிடமும் ஒப்பம் பெறலாகாது.

இவற்றுள் முதலும் மூன்றும் அரசு மனம் வைத்தால் முடிவன. ஏனைய நான்கும் நாளைக் காலையே நம்மால் தொடங்கத்தக்கவை. ஓர் ஏடும் ஓர் எழுதுகோலும் ஒரு நல்லுள்ளமும் போதும்.

பெற்றோரே! வாயிலில் நின்று திரும்பாதீர். உள்ளே வருக. “என் பிள்ளை எதில் தேறினான்? எதில் தேறவில்லை? நான் என்ன செய்ய?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்; “தமிழில் எழுதித் தருக” என்று திருப்பிக் கொடுங்கள். ஒருவர் திருப்பினால் சினப்பர். ஒரு தெருவே திருப்பினால் திருந்துவர்.

ஆசிரியத் தோழரே! நமக்கு ஊதியம் தருவது அரசாயினும், பிள்ளையை நம்பித் தந்தவள் அத்தாய். அவளிடம் பெறவேண்டியது கைந்நாட்டன்று, கைகோப்பு. அதனைப் பெறும் சொல் தமிழில் இருக்கின்றது. வாய் திறந்து அவளிடம் அதைச் சொல்லுக!